வேலி கத்தரிக்கும் மிஷினை எங்கே போடுவது

1

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான். அதுவும் சிஸ்டர்கள் பள்ளிக்கூடத்தில், கடலைக்காய் பிடுங்குகிற மாசம் முழுக்கப் போகாமல் படித்தது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் எழுதினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இது இருக்கும். பெயர்கள் மறந்துபோகின்றன. முன்னே நடந்ததைப் பின்னேயும் பின்னே நடந்ததை முன்னேயும் மாற்றிச் சொல்கிறேன் என்று என் மகள் ஸ்டெல்லா சொல்கிறாள்.

நம் பங்குக் கோயில் மலருக்கு வெளிநாட்டில் இருக்கிறவர்கள் எல்லாரும் ஏதாவது எழுதி அனுப்ப வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். பனியைப் பற்றியும் அரண்மனையைப் பற்றியும் எதிர்பார்த்திருப்பீர்கள். எண்பத்தி மூன்றாம் வருசம் இங்கிலாந்துக்கு வந்தேன். அரண்மனையை இன்னும் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்தது இந்த வீடு, பின்னால் இருக்கிற தோட்டம், ஞாயிற்றுக்கிழமைக் கோயில், ஸ்டெல்லா நர்ஸ் வேலைக்குப் போக பஸ் ஏறுகிற முனை, அவ்வளவுதான்.

அதனால் இந்த வீட்டில் இருந்த ஒரு மிஷினைப் பற்றி எழுதுகிறேன். போன மாதம் என் மருமகன் அருளப்பனுக்கு முதல் ஆண்டுப் பூசை வைத்தோம். அதே வாரத்தில் போலீஸ்காரர் ஒருவர் வந்து அந்த மிஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

2

இங்கே வீட்டுக்கு வீடு வேலி உண்டு. நம் பக்கம் மாதிரிக் கள்ளியோ கிளுவையோ இல்லை. சின்னச் சின்ன இலையாக, நெருக்கமாக வளருகிற ஒரு செடி. ஆடு வராது, மாடு வராது. ஆனாலும் கோடைக்காலம் முழுக்க அதை மட்டமாகக் கத்தரித்துவிட வேண்டும். விட்டால் பக்கத்து வீட்டு அம்மா ஒன்றும் சொல்ல மாட்டார். வேலியைப் பார்ப்பார், பிறகு நம்மைப் பார்ப்பார். வாயால் திட்டினாலும் தேவலாம் போல இருக்கும்.

"ஆடு மேயாத ஊர்ல வேலிக்கு எதுக்குங்க அத்தை கிராப்பு?" என்று அருளப்பன் கேட்பார்.

"ஊரோட ஒத்துப் போவணும் மாப்பிள்ளை."

"போறனுங்க. என் தலைமுடியை மூணு மாசத்துக்கு ஒருக்காதான் வெட்டறன், வேலிக்கு மாசாமாசம் வெட்டறன். இதுக்கு மேல எப்படிங்க ஒத்துப் போறது?"

இதற்காகவே ஒரு கரண்ட் மிஷின் வாங்கினார். ரம்பம் மாதிரி நீளமான பல், பச்சை பிளாஸ்டிக் உடம்பு. கைப்பிடியை அழுத்தினால் பல் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஓடி இலையைக் கத்தரிக்கும். ராத்திரி ஷிப்டு பிஸ்கட் கம்பெனியில் பார்த்துவிட்டு, காலையில் தூங்கி எழுந்து, மத்தியானத்தில் வேலியோடு நிற்பார்.

அவர் ஊர் காரிமங்கலத்திலிருந்து உள்ளே போக வேண்டும். அங்கே கிணற்று மோட்டார் ரிப்பேர்க் கடையில் வேலை பார்த்தவர். அந்த வட்டாரத்தில் பெரியவர்களுக்கு அவரை "ஒட்டு அருளப்பன்" என்று சொன்னால்தான் தெரியும். கம்பத்திலிருந்து கிணற்றுக்கு வேலியோரமாகப் போகிற வயர் அறுந்துபோனால் இவரைக் கூப்பிடுவார்கள். இரண்டு முனையையும் பல்லால் சீவி, முறுக்கி, பழைய சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றிக் கட்டிவிடுவார். மோட்டார் ஓடும். தண்ணீர் வரும். நானே அவர் அப்பா காட்டில் பார்த்திருக்கிறேன். வயர் முழுக்க முடிச்சு முடிச்சாக, ஆட்டுக்குடல் மாதிரித் தொங்கும்.

இங்கே ஒரு நாள் அந்த மிஷின் வேலியோடு சேர்த்துத் தன் வயரையும் கத்தரித்துவிட்டது. ஸ்டெல்லா சொன்னாள்:

"புது வயர் வாங்கிப் போடுங்க. டூட்டி முடிஞ்சு வரப்ப நானே கடையில வாங்கியாரன்."

"ஏ புள்ள, எங்கப்பன் கெணத்துக்குப் போற வயர்ல ஒட்டில்லாத எடம் எங்கன்னு தேடணும். இது ஒரே ஒரு ஒட்டு. இதுக்குப் போயி கடைக்குப் போவாங்களா?"

டேப்பு சுற்றி ஒட்டுப் போட்டார். மூன்று நாலு மாதம் நன்றாகத்தான் ஓடியது.

நம் ஊரில் மண் காய்ந்து கிடக்கும். ஒரு மழை பெய்தால் ஊரே வெளியில் வந்து நின்று பார்க்கும். அந்தப் பூமியில் வயர் எப்படிக் கிடந்தாலும் பெரும்பாலும் ஆபத்தில்லாமல் பொழுது போய்விடும். இங்கே புல் காய்ந்த நாள் என்று ஒன்று கிடையாது. வெயில் அடிக்கும்போதும் அடியில் ஈரம் இருக்கும். வானம் பார்த்த பூமியிலிருந்து வந்தவர்களுக்கு இதைக் கணக்கில் எடுக்கத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. செருப்பில்லாமல் அந்தப் புல்லில் துணி காயப்போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அன்றைக்கு மிஷின் சத்தம் நின்றது. டீ குடிக்க வருவார் என்று பாலை அடுப்பில் வைத்தேன். வரவில்லை. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். வேலியடியில் மாட்டிக்கொண்ட வயரை இழுக்கக் குனிந்தவர், ஒட்டைக் கையில் பிடித்தபடியே கிடந்தார்.

3

அடக்கத்தன்று வந்த வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக என் கையைப் பிடித்து "சாரி" என்றார்கள். தப்புச் செய்தவர்கள் சொல்லும் வார்த்தை அது என்றுதான் எனக்குத் தெரியும். இவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று நினைத்து "நோ, நோ" என்று தலையாட்டிக்கொண்டே இருந்தேன். இழவு வீட்டில் இப்படிச் சொல்வதுதான் வழக்கம் என்று ஸ்டெல்லா பிறகு சொன்னாள். சொன்னபோது அவள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை.

நம் ஊரில் என்றால் ஒப்பாரி வைத்து, மார்பில் அடித்து, வந்தவர்களைக் கட்டிப் பிடித்து எல்லாவற்றையும் கொட்டியிருப்போம். இங்கே அவள் பத்தாம் நாளே டூட்டிக்குப் போய்விட்டாள். அவர் எப்படிச் செத்தார் என்று யாரிடமும் அவள் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. போலீஸ் கேட்டதற்கு எழுதிக் கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் கேட்டால் "திடீர்னு" என்பாளாம். என்னோடும் பேச்சுக் குறைந்துவிட்டது. சாப்பிட்டியா, ஓகே, தூங்கு, ஓகே. ஒரே மகள். பிள்ளை குட்டி இல்லை. இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர், நடுவில் அந்த ஓகே.

விசாரணைக்காக மிஷினை எடுத்துக்கொண்டு போனவர்கள் ஒரு வருசம் கழித்துக் கொண்டுவந்தார்கள். பெரிய பிளாஸ்டிக் பை, உள்ளே மிஷினில் நூலால் கட்டிய ஒரு அட்டை, நம்பர். போலீஸ்காரர் தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். உங்கள் பொருள் உங்களிடம் ஒப்படைக்கப்படுகிறது, கையெழுத்துப் போடுங்கள் என்றார். ஸ்டெல்லா போட்டாள். வேண்டாம் என்று சொல்லலாமா என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"என்ன கண்ணு சொல்லிட்டுப் போறாரு?"

"மிஷின்ல ஒரு கோளாறும் இல்லையாம்மா. ஒட்டுலதான் கோளாறாம். வயரை வெட்டி எடுத்துட்டாங்களாம். இனிமே யாருக்கும் ஆபத்து இல்லையாம்."

பையைப் பார்த்தேன். மிஷினின் பின்பக்கம் ஒரு சாண் வயர் தொங்கிக்கொண்டிருந்தது.

4

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். உயிர் வாங்கிய இரும்பு வீட்டில் இருக்கக் கூடாது. அதை விற்கவும் கூடாது, இன்னொருத்தருக்குக் கொடுக்கவும் கூடாது. உலையில் போட வேண்டும். உருமாறுவதைச் செத்தவரின் வீட்டார் கண்ணால் பார்க்க வேண்டும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, கிணறு வெட்டுகிற இடத்தில் மேலேயிருந்து கடப்பாரை நழுவி, கீழே நின்ற என் சித்தப்பா தலையில் விழுந்தது. முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் அந்தக் கடப்பாரையைச் சந்தைக்கு எடுத்துப்போய் ஆசாரி உலையில் வைத்துக் காய்ச்சினார்கள். எங்கள் சின்னம்மா வெயிலில் நின்று பார்த்தார். கடைசியில் அது கல்லறைத் தோட்டத்துக் கதவுக்குத் தாழ்ப்பாளாக ஆனது. அப்போதிருந்த பங்குச் சாமியார் இதெல்லாம் மூடநம்பிக்கை என்று பிரசங்கம் வைத்தார். தாழ்ப்பாளை மட்டும் வாங்கிக்கொண்டார்.

இதைத்தான் ஸ்டெல்லாவிடம் சொன்னேன்.

"அம்மா, மிஷின் என்ன பண்ணுச்சு? அதுல குத்தமில்லைன்னு எழுதியே குடுத்திருக்காங்க."

"கடப்பாரையில மட்டும் குத்தம் இருந்துச்சா?"

அடுத்த தெருவுக்கு அப்பால் குதிரைகளுக்கு லாடம் அடிக்க ஒருவர் வருவார், வேனிலேயே உலை வைத்திருக்கிறார். அவரிடம் கேட்டுப் பார்க்கலாமே என்றேன்.

"குதிரைக்காரன்கிட்டப் போயி என்னம்மா சொல்லச் சொல்ற? எம் புருசனை இது..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

பை தோட்டத்துக் கொட்டகையில் இருந்தது. அது இருந்தவரை நான் அந்தப் பக்கம் துணி காயப்போடவில்லை. வீட்டுக்குள்ளேயே நாற்காலி மேல் போட்டுக் காயவைத்தேன். வீடெல்லாம் ஈர வாடை. கடைசியில் ஸ்டெல்லாவே கவுன்சிலுக்குப் போன் செய்தாள். கவுன்சில் என்றால் நம் பஞ்சாயத்து மாதிரி. குப்பை அவர்கள் பொறுப்பு. அவர்கள் கேட்ட கேள்வியை அவள் எனக்குச் சொன்னாள். தோட்டக் குப்பையா? இல்லை, தோட்டத்துச் சாமான். அப்படியானால் கரண்ட் சாமானா? ஆமாம். இரும்பா, பிளாஸ்டிக்கா? பல் இரும்பு, உடம்பு பிளாஸ்டிக். இருங்கள், வேறொருவரிடம் கொடுக்கிறேன். அவரும் முதலிலிருந்து கேட்டார். எதற்காகப் போடுகிறீர்கள் என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. வீட்டில் வந்து எடுக்க மாட்டார்கள், குப்பைக் கிடங்குக்கு நாங்களே கொண்டுவர வேண்டும் என்று முடிந்தது.

புல் வெட்டுகிற மிஷினையும் சேர்த்து, அருளப்பன் விட்டுவிட்டுப் போன காரில் ஏற்றினாள். அதைத் தள்ளிப் புல் வெட்ட இனி ஆள் இல்லை. அது நல்ல மிஷின், யாருக்காவது பயன்படட்டும் என்று நானும் சொன்னேன். நம் வீட்டில் ஓட்டைத் தகரத்தைக்கூட யாருக்காவது கொடுத்துத்தானே பழக்கம்.

5

குப்பைக் கிடங்கு என்றதும் தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருப்பதை நினைக்க வேண்டாம். ஒரு நாற்றம் கிடையாது. வீட்டு உயரத்துக்கு இரும்புத் தொட்டிகள் வரிசையாக நிற்கின்றன. மரத்துக்கு ஒன்று, இலைதழைக்கு ஒன்று, இரும்புக்கு ஒன்று. படியேறி மேலிருந்து போட வேண்டும். மஞ்சள் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் காவல். ஒரு கையில் டீ. ஓரத்தில் அவருக்கு ஒரு தகரக் கொட்டகை. அதில் பழைய மிஷின்கள், சைக்கிள், நாற்காலி எல்லாம் துடைத்து அடுக்கி, துண்டுச் சீட்டில் விலை எழுதி ஒட்டியிருந்தது. வேண்டுகிறவர்கள் வாங்கிக்கொள்ளலாம்.

பெரியவர் புல் மிஷினைத் தட்டிப் பார்த்துச் சந்தோசப்பட்டார். பிறகு பைக்குள்ளிருந்து வேலி மிஷினை எடுத்தார். ஏதோ கேட்டார். ஸ்டெல்லா ஏதோ சொன்னாள். அவர் அதையும் தகரக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தார். துணியால் துடைத்தார். நாங்கள் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டோம்.

"என்ன கேட்டாரு?"

"ஓடுமான்னு."

"நீ என்ன சொன்ன?"

"புது வயர் போட்டா ஓடும்னு சொன்னன். வேற என்ன சொல்றது? அவரே போட்டுக்குவாராம்."

"விக்கறதுக்கா?"

"ஆமா."

"ஸ்டெல்லா, அத வாங்கிட்டுப் போறவன் வூட்லயும் ஒரு பொம்பள இருப்பா."

"மிஷின்ல கோளாறு இல்லைம்மா. எத்தன தடவ சொல்றது? காரை எடுக்கட்டுமா?"

நான் கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். இங்கே வந்த நாளிலிருந்து ஒரு வெள்ளைக்காரரிடம் நானாகப் போய்ப் பேசினதில்லை. கடையில்கூடக் காசை நீட்டி, மீதியை வாங்கிக்கொண்டு தலை குனிந்து வருகிறவள். அன்றைக்கு நேரே நடந்து போய் அந்த மிஷினைக் கையில் எடுத்துக்கொண்டேன். எடுத்த பிறகு என்ன சொல்வது என்று தெரியவில்லை. "நோ" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். நான் வாங்க ஆசைப்படுகிறேன் என்று நினைத்துவிட்டார் போல. விலைச்சீட்டு எழுதப் பேனாவை எடுத்தார். "நோ, நோ" என்றேன். அதற்குள் ஸ்டெல்லா வந்துவிட்டாள்.

"அம்மா, கீழ வை. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். அந்த இரும்புத் தொட்டியில போடச் சொல்லு. இல்லாட்டி நான் எடுத்துட்டுப் போறன்."

அவள் கேட்டாள். அவர் தலையாட்டினார்.

"எடுத்துட்டுப் போவக் கூடாதாம்மா. வாசலுக்கு உள்ள வச்சுட்டா அது கவுன்சிலோடதாம். சட்டமாம்."

"உம் புருசனைக் கொன்னது எப்ப கவுன்சிலோடது ஆச்சு? அதைக் கேளு அவர்கிட்ட."

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. எங்கள் வீட்டில் ஒரு வருசமாக நாங்கள் இரண்டு பேரும் சொல்லாத வார்த்தை. ஸ்டெல்லா என்னையே பார்த்தாள். எங்களுக்குப் பின்னால் ஒருவர் மரக்கட்டைகளோடு காத்துக்கொண்டு நின்றார். அவள் பெரியவர் பக்கம் திரும்பி இங்கிலீசில் சொல்ல ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியில் நோயாளியின் வீட்டாரிடம் பேசுகிற குரல் அது, நான் கேட்டிருக்கிறேன். மெதுவாக, தணிவாக. எனக்குப் புரிந்தது "ஹஸ்பண்ட்" என்ற ஒரு வார்த்தைதான். இரண்டாம் தடவை அந்த வார்த்தை வந்தபோது குரல் அறுந்துவிட்டது. கையை இப்படிக் குவித்துக் காட்டினாள், வயரைப் பிடித்திருந்த மாதிரி. அவள் அதைப் பார்த்ததில்லை. நான் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

பெரியவர் டீயைக் கீழே வைத்தார். "சாரி" என்றார். இந்த முறை நான் "நோ" சொல்லவில்லை. என் கையிலிருந்து மிஷினை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, இரும்புத் தொட்டியின் படியேறி, குனிந்து உள்ளே விட்டார். மற்ற சாமான்களை எல்லாரும் வீசித்தான் எறிந்தார்கள். இதை அவர் எறியவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன். சைக்கிள் சக்கரங்களுக்கும் ஒரு பழைய அடுப்புக்கும் நடுவில் பச்சையாகக் கிடந்தது. முழுசாக, அப்படியே.

"சுத்தியால நாலு போடு போடச் சொல்லு கண்ணு."

"போதும்மா," என்றாள். முகமெல்லாம் கண்ணீர். சிறுபிள்ளையில் கொடிக்காப்புளி முள் குத்திக்கொண்டு வந்தபோது அழுத மாதிரி அழுதாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

6

திரும்பி வரும் வழியில் கேட்டேன், அந்த இரும்பையெல்லாம் என்ன செய்வார்கள் என்று.

"லாரி வந்து தொட்டியோட எடுத்துட்டுப் போவுமாம். அப்புறம் துறைமுகத்துக்கு. அங்கிருந்து கப்பல்ல வெளிநாட்டுக்குப் போவுமாம், உருக்கறதுக்கு."

"எந்த நாட்டுக்கு?"

"ஸ்பெயினுக்கு, இன்னும் எங்கெங்கயோ. இந்தியாவுக்கும்னு சொன்னாரு." சொன்னவள் காரை மெதுவாக்கினாள். "அம்மா, ஆரம்பிச்சிறாத. அத்தனை இரும்புல அது எங்க போவுமோ."

அன்றைக்கு ராத்திரி அவள் நிறையப் பேசினாள். அருளப்பன் கல்யாணத்தன்று பாலக்கோட்டில் ரேடியோ செட்டின் வயரைச் சரிசெய்துகொண்டு நின்றதால் தாலி கட்டத் தாமதமானதைச் சொல்லிச் சிரித்தாள். அழுதாள். ஓகே என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் எனக்கு நிம்மதி வரவில்லை. அவள் தூங்குகிறாள், நான் விழித்திருக்கிறேன்.

இந்த ஊரில் வயரை வெட்டிவிட்டால் மிஷின் செத்துப்போனதாக அர்த்தம். யாரும் தொட மாட்டார்கள் என்று போலீஸ் நினைக்கிறது. நம் ஆட்களுக்கு ஒரு சாண் வயர் போதும். அதைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. சீவி, முறுக்கி, டேப்பு சுற்றிவிடுவார்கள். பாரின் மிஷின் என்றால் கேட்கவே வேண்டாம். பட்டுப்பூச்சிக்குப் போடுகிற மல்பெரிக் குச்சி வெட்ட ஆகும், அதியமான்கோட்டையிலிருந்துகூட வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். மெட்ராசிலிருந்து ஒருவர் வெட்டிய வயரோடு பழைய பாரின் சாமான்களைக் கொண்டுவந்து நம் சந்தையில் விரிக்கிறார் என்று என் தம்பி முன்பு எழுதியிருந்தான்.

இதைப் படிக்கிறவர்களில் துறைமுகத்து விசயம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் எனக்காக விசாரியுங்கள். கப்பலில் வருகிற பழைய இரும்பை அப்படியே உலையில் கொட்டுகிறார்களா, இல்லை ஓடுகிறதைப் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் மிச்சத்தைக் கொட்டுகிறார்களா? நான் கேள்விப்பட்டதில் எது சரி, எது தப்பு என்று எனக்குத் தெரியவில்லை. மிஷினின் நிறம் பச்சை. கைப்பிடிக்குக் கீழே போலீஸ் அட்டை கட்டிய வெள்ளை நூல் இருக்கும், அதை அவிழ்க்க மறந்துவிட்டோம். சந்தையில் கண்ணில் பட்டால் யாரும் விலை கேட்க வேண்டாம். எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.